பதினேழாம் சஹனுக்கு ஒரு நிபந்தனை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ராஜபாண்டி அண்ணாச்சிக்குத் தோன்றியது. அவர் தூத்துக்குடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறார். மாடியில் வகுப்பு, கீழே அவருடைய மைத்துனரின் மக்ரூன் கடை. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் மாடிப்படி ஏறுவதே இல்லை என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கப்போகிறார். அதில் ஐந்தாவது பாடம் அண்ட், ஆர், நாட். இந்த மூன்றையும் விளக்க ஒரு கதை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

"மூணே பக்கம், தம்பி. படிக்கிற பிள்ளைக்கு இது பாடம்னே தெரியக்கூடாது. கடைசில எல்லாரும் சிரிக்கணும்."

"எனக்கே அது என்னன்னு தெரியாதே அண்ணாச்சி."

"அப்ப நல்லதாப் போச்சு. தெரியாதவன் சொன்னாத்தான் தெரியாதவனுக்கு விளங்கும்."

ஒரு பொட்டலம் மக்ரூன் தீர்வதற்குள் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார். அண்ட் என்றால் இரண்டு பக்கமும் உண்மையாக இருந்தால்தான் மொத்தமும் உண்மை. ஆர் என்றால் ஒரு பக்கம் உண்மையாக இருந்தாலே போதும். நாட் என்றால் உண்மையைப் பொய்யாக்கும், பொய்யை உண்மையாக்கும். உண்மைக்கு ட்ரூ, பொய்க்கு ஃபால்ஸ். இந்த இரண்டைத் தவிரக் கணினிக்கு வேறொன்றும் தெரியாது. 'பார்க்கலாம்', 'சொல்லி அனுப்புறேன்', 'வர மாட்டேன்னு சொல்லல' போன்றவற்றை அது கேள்விப்பட்டதே இல்லையாம். அப்படிப்பட்ட ஒன்றை நம் ஊரில் எப்படிப் பிழைக்க விடுகிறார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

2.

முதல் தொடக்கம்:

"முத்துக் குளிக்கப் போன பெவின் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தபோது மணலில் இரண்டு சிப்பிகள் தெரிந்தன. இதில் முத்து இருக்கலாம், அல்லது"

நிறுத்திவிட்டேன். தூத்துக்குடி என்று எழுதினாலே பேனா தானாகக் கடலுக்குள் குதித்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த பெவின் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். முத்தை நகைக்கடையில்தான் பார்த்திருக்கிறார். அவரை எவ்வளவு நேரம்தான் மூச்சடக்கி வைத்திருப்பது? வெளியே எடுத்து, துவட்டி, அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

"சரக்குக் கொட்டகை வாசலில் காவலர் வீரபாகு லாரியை மறித்தார். பாஸ் இருக்க வேண்டும், அதோடு உரிமமும் இருக்க வேண்டும். மாரிராஜிடம் பாஸ் இருந்தது. உரிமம்"

இது கதையில்லை, பாடம். படிக்கிற பிள்ளை இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடும். மேலும் மாரிராஜ் வண்டியை விட்டு இறங்க மறுத்தார், வீரபாகு தடுப்புக் கம்பைத் தூக்க மறுத்தார், பின்னால் நாற்பது லாரிகள் ஆரன் அடித்தன. நான் கழன்றுகொண்டேன்.

மூன்றாம் தொடக்கம்:

"காயல்பட்டினத்தில் ஜஹ்ரா என்றொரு பெண் தன் தங்கையின் கல்யாண விருந்தைக் கணினியிடம் ஒப்படைத்தாள்."

இதில் எனக்கே 'அப்புறம்?' என்று கேட்கத் தோன்றியது. வைத்துக்கொண்டேன்.

[அண்ணாச்சி கொடுத்த மூன்று பக்கங்களில் ஒன்று முடிந்துவிட்டது.]

3.

ஜஹ்ராவுக்கு முப்பத்திரண்டு வயது. கணவர் யாசிர் துபாயில் இருக்கிறார். மதியம் வேலை ஓய்ந்தபின், ஆரம்பநிலைக்காரர்களுக்கான இணைய வகுப்பு ஒன்றில் நிரல் எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நெருங்கியபோது அவளும் அண்ட், ஆர், நாட் பாடத்தில்தான் இருந்தாள். (என் வசதிக்காக அவளை அந்தப் பாடத்தில் நிறுத்தி வைத்தேன். மற்றவர்கள் ஏழாவது பாடத்துக்குப் போய்விட்டார்கள்.)

படித்ததை அவள் சும்மா விடவில்லை. "சாக்லேட் கொண்டு வரவா, இல்ல சென்ட் கொண்டு வரவா?" என்று யாசிர் செய்தி அனுப்பியபோது, "ட்ரூ" என்று பதில் போட்டாள். அவர் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"எது ட்ரூ?"

"ரெண்டுல ஒண்ணு வந்தாலும் ட்ரூ. ரெண்டும் வந்தாலும் ட்ரூதான். அதுக்குப் பேரு ஆர்."

"இந்த கிளாஸ் எப்பளா முடியும்?" என்று கேட்டார் யாசிர்.

நாட் அவளுக்கு இன்னும் எளிதாக விளங்கியது. இரண்டு நாட் சேர்ந்தால் பழையபடி உண்மையாகிவிடும் என்பதை வகுப்பில் நாற்பது நிமிடம் விளக்கினார்கள். காயல்பட்டினத்தில் பந்தி பரிமாறுகிற எல்லோருக்கும் அது தெரியும். விருந்தாளி ஒரு தடவை "வேண்டாம்" என்றால் அகப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். "வேண்டாம், வேண்டாம்" என்றால் இன்னொரு அகப்பை வைக்க வேண்டும்.

இப்போது கல்யாணம். தங்கை மின்ஹாவுக்கு. வாப்பா இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டதால் வேலைகளை இரண்டு பேர் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வாப்பாவின் தம்பி வாவு சாச்சா. இன்னொருவர் உம்மா ருகையாவின் காக்கா, அதாவது அண்ணன், நவாஸ் மாமா. இரண்டு பேரும் தங்கமானவர்கள். ஒரே ஒரு இடைஞ்சல், அவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

பந்தலுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்க வேண்டும் என்பதை வாவு சாச்சா ருகையாவிடம் சொல்வார். மூன்றடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் நவாஸ் மாமாவிடம் ருகையா அதையே திரும்பச் சொல்வார். "அப்படியா?" என்று மாமா ஆச்சரியப்படுவார். பிறகு அவருடைய பதில் அதே வழியில் திரும்பிப் போகும். இப்படியே ஒரு கல்யாணத்தை முக்கால்வாசி நடத்திவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் வீட்டில் பேசிக்கொள்கிறவர்களாலேயே ஒரு குழாய் ரிப்பேரை முடிக்க முடியவில்லை.

4.

ஏன் பேசுவதில்லை?

[இங்கே முதலில் ஒரு சொத்துத் தகராறு எழுதியிருந்தேன். மிகவும் கனமாக இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன்.]

பந்துதான் காரணம். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு பெருநாளுக்கு மறுநாள், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டி வைத்தார்கள். வாவு சாச்சா சின்ன வயதிலிருந்து பந்து விளையாடுகிறவர். ஆனால் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அன்றைக்குக் கடைசி நிமிடத்தில் பந்து அவர் முழங்காலில் பட்டு உள்ளே போனது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அரை மைதானம் ஓடினார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். கோட்டோரம் துணை நடுவரான நவாஸ் மாமா கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஆஃப்சைடு.

அந்தக் கோல் செல்லாது என்று ஆனது. கொடியை மாமா அன்று மாலையே கிளப்பில் ஒப்படைத்துவிட்டார். சாச்சாவைப் பொறுத்தவரை அது இன்னும் தூக்கியபடியேதான் இருக்கிறது.

(ஆஃப்சைடு விதியிலும் இரண்டு மூன்று அண்ட் இருக்கின்றன. அதை விளக்கப் போனால் எனக்கும் அண்ணாச்சிக்கும் பேச்சு நின்றுவிடும்.)

5.

காயல்பட்டினத்துக் கல்யாணச் சாப்பாட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. அங்கே இலை போடுவதில்லை. சஹன் என்கிற அகலமான தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, களரிக்கறி என்கிற இறைச்சிக் குழம்பை வைப்பார்கள். ஒரு சஹனுக்கு இரண்டு பேர். எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிட வேண்டும். நல்ல கறித்துண்டு கைக்கு அகப்பட்டால் எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளுவது மரியாதை. அவர் சாப்பிட்டு முடிக்காமல் நாம் கையை உதறிக்கொண்டு எழுவது மரியாதையில்லை. (நான் ஒரே ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன். விவரத்தில் பிழை இருந்தால் காயல்காரர்கள் ராஜபாண்டிக்கு ஃபோன் செய்யவும்.)

வழக்கமாக வருகிறவர்கள் கிடைத்த இடத்தில் உட்காருவார்கள். போன கல்யாணத்தில் "நீங்க அங்கன உக்காருங்க, அவஹ இங்கன வரட்டும்" என்று இடம் மாற்றி மாற்றியே சோறு ஆறிவிட்டது. அதனால் இந்த முறை முதல் பந்திக்கு மட்டும் பட்டியல் போட்டுவிடலாம் என்றார்கள். நூற்றிருபத்தெட்டு ஆண்கள், அறுபத்து நான்கு சஹன்கள்.

"நான் போடுதேன்" என்றாள் ஜஹ்ரா. "யார்கிட்டயும் முகம் பாத்துப் பேச வேண்டாம். மெஷின் போட்டா யாரும் கோவிக்க முடியாது. மின்ஹா பந்தில ஒரு தப்பு வராது, பாருங்க."

ஃபோனிலேயே எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினாள். யார் யார் உங்களுக்குச் சொந்தம்? யார் யார் கூட்டாளி? வேகமாகச் சாப்பிடுவீர்களா, மெதுவாகவா? (ஒரே தட்டு என்பதால் இது உயிர்நாடியான கேள்வி. கறி முழுவதும் ஒரு பக்கம் போய்விடும்.) யாரோடாவது சண்டை உண்டா?

பிறகு நிபந்தனை எழுதினாள்:

சேர்ந்து உட்காரலாம் = (சொந்தம் ஆர் கூட்டாளி) அண்ட் ஒரே வேகம் அண்ட் நாட் சண்டை

அழகாக இருக்கிறது, இல்லையா? சொந்தமோ கூட்டாளியோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். வேகம் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும். சண்டை இருக்கவே கூடாது. இந்த ஒரு வரியில் பாடம் முடிந்துவிட்டது. ராஜபாண்டியிடம் படித்துக் காட்டினேன்.

"இதோட நிறுத்திரு தம்பி. எல்லாரும் நல்லாச் சாப்ட்டாங்கன்னு போட்ரு."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஜஹ்ரா மேல் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரைவில் அவளைக் கெட்டிக்காரியாக மட்டும் படைத்திருந்தேன். அப்படி ஒருத்தி கதையில் இருந்தால் எனக்கு வேலை இருக்காது. அதனால் ஒரு பலவீனத்தைச் சேர்த்தேன். படிவத்தில் எழுதி வருவது உண்மை என்று நம்புகிறவள் அவள். நூற்றிருபத்தெட்டு பதில்களையும் படித்துப் பார்க்காமல் அப்படியே கணினிக்குள் ஊற்றிவிட்டாள். பட்டியல் வந்தது. அதையும் படிக்காமல் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

6.

கல்யாணத்தன்று காலை பதினொன்றரை மணிக்கு, பந்தல் வாசலில் ஒட்டியிருந்த பட்டியலை யாரோ படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார்கள். ஜஹ்ரா அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தாள்.

சஹன் 17: வாவு, நவாஸ்.

மாடி அறைக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்தாள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் பந்தி. எங்கேயோ தப்பான குறியைப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, கடைசி 'அண்ட்'டை 'ஆர்' ஆக்கினாள். இப்போது ஊரில் யாரும் யாரோடும் உட்காரலாம் என்று கணினி கதவைத் திறந்துவிட்டது. மாப்பிள்ளையின் கூட்டாளிகளிலேயே அசுர வேகத்தில் சாப்பிடுகிற ஒருவரை, பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடும் எண்பது வயது ஹாஜியாரோடு உட்கார வைத்தது. பதறிப்போய் மறுபடி 'அண்ட்'டைப் போட்டாள்.

பிறகு 'நாட்'டை எடுத்துவிட்டுப் பார்த்தாள். இப்போது சண்டை இருக்கிறவர்களை மட்டும்தான் சேர்க்க முடியும். யார் யாருக்கெல்லாம் ஆகாது என்ற பட்டியல் வந்துவிடும், அதில் சாச்சாவும் மாமாவும் இருக்கிறார்களா என்று பார்த்துவிடலாம். விசையைத் தட்டினாள்.

வெற்றுப் பக்கம் வந்தது.

மறுபடி தட்டினாள். மறுபடி வெற்றுப் பக்கம். அப்போதுதான் அவள் பதில்களைத் திறந்து படித்தாள். சண்டை உண்டா? இல்லை. இல்லை. இல்லை. அல்ஹம்துலில்லாஹ் இல்லை. நமக்குள்ள என்ன சண்டை. இல்லை. நூற்றிருபத்தெட்டு ஆண்கள், ஊர் முழுக்க ஒரு சண்டைகூட இல்லை. மூன்று கல்யாணங்களாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் இருக்கிறார்கள். சுவர் ஓரத்து முருங்கை மரத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனவர்கள்கூட இருக்கிறார்கள். எல்லோரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

'அண்ட்'டில் தப்பில்லை, 'ஆர்'இல் தப்பில்லை, 'நாட்'டில் தப்பில்லை. அவள் எழுதியது முழுக்கச் சரியாக வேலை செய்திருந்தது. ஜஹ்ராவுக்கு அழுகை வந்தது. வேலை செய்யாத நிரலாக இருந்தால் திருத்தியாவது இருக்கலாம்.

ருகையா புதுப்பெண்ணின் பூவைத் தேடிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"உம்மா, சாச்சாவும் மாமாவும் சண்டை இல்லன்னு எழுதியிருக்காஹ."

"ஆமா. அதுக்கென்ன?"

"பதினோரு வருஷமா பேசலியே."

"பேசல. சண்டை எப்பளா போட்டாஹ? சண்டைன்னா சத்தம் கேக்கணும். இது சும்மா பேசாம இருக்காஹ."

"அப்ப அந்த ரெண்டு பேர மட்டும் மாத்திரவா?"

ருகையா பூவை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "மாத்துனா ஏன்னு கேப்பாஹ. மாப்பிள்ளை வீட்டாளுவ முன்னாடி என்னத்தச் சொல்லுவ? எங்க காக்காவுக்கும் உங்க சாச்சாவுக்கும் ஆவாதுன்னு நம்ம வாயாலயே சொல்லணுமா?"

"மாத்தாம விட்டா?"

"ஒருத்தர் எந்திரிச்சுப் போவாஹ. பொண்ணு வீட்டு சஹன்ல இருந்து பாதில எந்திரிச்சாஹன்னா, அது மின்ஹாக்கு ஒரு பிள்ளை பொறந்து அதுக்குக் கல்யாணம் நடக்கிற வரைக்கும் பேச்சாயிரும்."

கீழே தொழுகை முடிந்து செருப்புச் சத்தம் கேட்டது.

7.

இந்த இடத்தில் நான் நுழைந்து உதவியிருக்க முடியும். எழுதுகிறவனுக்கு ஒரு வரி போதும். எழுதியும் பார்த்தேன்:

"ஜஹ்ரா படியிறங்கிப் பந்தலுக்குள் நுழைந்து, பதினேழாம் எண் சீட்டைக் கிழித்து"

அது ஆண்கள் பந்தல். பாதி வாக்கியத்தில் அவள் படியிலேயே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க எழுதிட்டு ஆத்தூர் பஸ்ஸப் பிடிச்சு உங்க ஊருக்குப் போயிருவீங்க. நாந்தான் இந்தத் தெருவுல இருக்கணும்." நியாயமான பேச்சு. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு அவளை மாடி ஜன்னலுக்கு அனுப்பினேன். அங்கிருந்து பந்தலின் ஒரு பகுதி தெரியும். பதினேழாம் சஹன் தெரியும்.

அண்ணாச்சிக்கு ஃபோன் செய்தேன்.

"ரெண்டு பேர், ஆளுக்கு ரெண்டு வழி. உட்காரலாம், உட்காராமப் போகலாம். மொத்தம் நாலு முடிவு வருது அண்ணாச்சி."

"இதத்தான் தம்பி ட்ரூத் டேபிள்னு சொல்லுதோம். நாலையும் எழுது. பிள்ளையளுக்கு அட்டவணை மாதிரியே இருக்கும்."

எழுதினேன்.

வாவு உட்கார்ந்தார் அண்ட் நவாஸ் உட்கார்ந்தார்: இருவரும் கண் கலங்கினார்கள், கட்டிப் பிடித்தார்கள், பின்னணியில் கடல் அலை அடித்தது. (பந்தலில் இருந்து கடல் கேட்காது. ஜெனரேட்டர்தான் கேட்கும். கிழித்துவிட்டேன்.)

வாவு உட்கார்ந்தார் அண்ட் நவாஸ் உட்காரவில்லை: சாச்சா தனியாக முழு சஹனையும் சாப்பிட்டார். பதினோரு வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஆனால் மின்ஹா?

வாவு உட்காரவில்லை அண்ட் நவாஸ் உட்கார்ந்தார்: மேலே உள்ளதேதான், பெயரை மட்டும் மாற்றவும். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

வாவு உட்காரவில்லை அண்ட் நவாஸ் உட்காரவில்லை: பதினேழாம் சஹன் காத்திருந்தது. ஒரு பூனை வந்தது. பூனைக்கு யாரோடும் சண்டையில்லை.

நாலாவது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணாச்சிக்கு முதலாவது. ஜஹ்ராவுக்கு நாலும் பிடிக்கவில்லை. அவள் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

8.

அவள் பார்த்தது இதுதான்.

வாவு சாச்சா பட்டியலைப் படித்தார். பின்னாலேயே வந்த நவாஸ் மாமாவும் படித்தார். இருவரும் ஒரே படிவத்தில் ஒரே பதிலை எழுதியவர்கள். சண்டை இல்லை என்று. இப்போது இடம் மாறி உட்கார்ந்தால் எழுதியது பொய்யாகிவிடும், அதுவும் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க. யார் முதலில் பொய்யராவது? இருவரும் போய் உட்கார்ந்தார்கள்.

கட்டிப் பிடிக்கவில்லை. ஒருவர் பந்தல் துணியைப் பார்த்தார், இன்னொருவர் சோற்றைப் பார்த்தார். இரண்டு கைகள் ஒரே தட்டில் இறங்கின. சாச்சா தன் பக்கம் வந்த நல்ல துண்டை, மரியாதைக்காக, மாமா பக்கம் தள்ளினார். மாமா அதைத் திருப்பித் தள்ளினார். அந்தத் துண்டு சோற்றுக்குள் பாதை போட்டுக்கொண்டு போய்ப் போய் வந்தது. ஜன்னலில் ஜஹ்ரா மூச்சு விட்டாள். ருகையா பக்கத்தில் நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

சிக்கல் சாப்பாட்டின் முடிவில்தான் வந்தது. எதிரில் இருப்பவர் முடிக்காமல் எழக்கூடாது. அவர் முடித்துவிட்டாரா என்று தெரிய ஒரு வார்த்தை கேட்க வேண்டும், "போதுமா?" என்று. அதை யார் கேட்பது? சாச்சா ஒரு பருக்கையை எடுத்து மென்றார். மாமா முடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து. சாச்சா இன்னும் சாப்பிடுகிறாரே என்று மாமாவும் ஒரு பருக்கையை எடுத்தார். இரண்டு பேருமே மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள் என்பது படிவத்தில் வந்த ஒரே உண்மை.

அறுபத்து மூன்று சஹன்கள் எழுந்துவிட்டன. பதினேழு எழவில்லை. அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பரிமாறுகிறவர் வந்து குனிந்தார். "வேண்டாம், வேண்டாம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில், உண்மையிலேயே வேண்டாமென்று. அவர் ஆளுக்கு ஒரு அகப்பை வைத்துவிட்டுப் போனார்.

"யா அல்லாஹ்" என்றார் ருகையா.

புதிதாக விழுந்த சோற்றை இருவரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கை கழுவிவிட்டுத் திரும்பி நின்று பார்க்கத் தொடங்கினார்கள். ஜஹ்ரா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். யாராவது ஒருவர் எழுந்துவிட்டால் முடிந்தது. சாச்சாவின் முழங்கால் அசைந்தது. எழப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது நவாஸ் மாமாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மெல்லவில்லை. பேசினார்.

நாலு வார்த்தை இருக்கும், அல்லது ஐந்து. வாவு சாச்சா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். பதில் ஏதோ சொன்னார். மாமா மறுபடி ஏதோ சொன்னார். பிறகு சாச்சா, அந்தக் கறித்துண்டு இருந்ததே, அதை இரண்டாகப் பிய்த்தார். ஆளுக்கொரு பாதி வாயில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள்.

ருகையா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்பதை நான் கவனிக்கவில்லை. எனக்கே கொஞ்சம் கண் மங்கலாக இருந்தது.

9.

என்ன பேசினார்கள்?

எனக்குத் தெரியாது. கோபப்படாதீர்கள். ஜஹ்ராவின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் கதையைச் சொல்கிறேன். அவள் நின்றது மாடியில், பக்கத்தில் ஜெனரேட்டர். 'அது கோல்தான்' என்று மாமா சொல்லியிருக்கலாம். 'ஆஃப்சைடு ஆஃப்சைடுதான், ஆனா நீ ஓடுனது நல்லா இருந்துச்சு' என்று சொல்லியிருக்கலாம். 'மச்சான், இதுக்கு மேல எனக்கு முடியாது' என்று மட்டும்கூடச் சொல்லியிருக்கலாம்.

ஜஹ்ரா இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டாள்.

"நான் எப்பளா பேசுனேன்?" என்றார் நவாஸ் மாமா. "சாப்பிடும்போது யாராவது பேசுவாஹளா?"

"அவரு ஒண்ணும் சொல்லலியே" என்றார் வாவு சாச்சா. "சொல்றதுக்கு எங்களுக்குள்ள என்ன இருக்கு?"

மறுநாளிலிருந்து பழையபடிதான். பந்தல் பிரிக்கிற ஆளை எப்போது வரச் சொல்வது என்பதைச் சாச்சா ருகையாவிடம் சொன்னார், ருகையா மாமாவிடம் சொன்னார், மாமா ஆச்சரியப்பட்டார். மின்ஹா கல்யாணத்துச் சாப்பாட்டைப் பற்றி ஊரில் ஒரு குறையும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் பெருமையாகச் சொன்னார்களாம்.

"அப்ப சேந்துட்டாங்களா இல்லியா?" என்று அண்ணாச்சி கேட்டார். "ட்ரூவா ஃபால்ஸா? பிள்ளையள் கேக்கும்லா."

மூன்று பக்கங்கள் எப்போதோ முடிந்துவிட்டன. இன்னும் ஒரே ஒரு காட்சி.

அடுத்த மாதம் அதே தெருவில் இன்னொரு கல்யாணம். அதற்கும் ஜஹ்ராதான் பட்டியல் போட வேண்டுமென்று கேட்டுவிட்டார்கள். ஒரு சாயங்காலம் அவள் உட்கார்ந்து பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாவு சாச்சா வந்தார். டீ குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். எழுந்து வாசல் வரை போனார். அங்கே நின்றார்.

"மவளே, லிஸ்ட்டுல என்னய எங்கன போடப் போற?"

"எங்கன போடணும் சாச்சா?"

"எங்கனயும் போடு. நவாஸ் கூடப் போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி."

ஜஹ்ரா அதை அப்படியே திரையில் எழுதிப் பார்த்தாள். போடு ஆர் நாட் போடு. பாடத்தில் படித்திருக்கிறாள். இதற்கு எப்போதும் ட்ரூதான் வரும். போட்டாலும் ட்ரூ, போடாவிட்டாலும் ட்ரூ. இதை வைத்துக்கொண்டு கணினியால் ஒரு முடிவும் எடுக்க முடியாது.

சாச்சா இன்னும் போகவில்லை. குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். செருப்பு அவர் காலில்தான் இருக்கிறது.

நான் ஆத்தூர் பஸ்ஸுக்குப் போக வேண்டும். வாவு சாச்சாவுக்கு எதிரே உட்காருகிறவர் பெயரை எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது, கணினியை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். அவர் நிமிர்வதற்குள் எழுதிவிடுங்கள்.